மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் தொடங்கிய மூன்றாம் வகுப்பு

தனியார் பள்ளியிலிருந்து குழந்தையை எடுத்து அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்றபோது, விவரம் தெரிந்தவர்கள் என்று நான் நம்பிய அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ‘அரசுப் பள்ளிதானே, ஆதார் அட்டையைக் காட்டினால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள்.’ அதில் பொய் இல்லை. சேர்ப்பது எளிதுதான். பழைய பள்ளியிலிருந்து எடுப்பது எவ்வளவு கடினம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அதைத் தனியாக நின்று கற்றுக்கொண்டேன். கல்விக் கட்டணம் என்ற பெயரில் போனது ஒரு பக்கம், சம்பளம் இல்லாத விடுப்பும் பஸ் செலவும் இன்னொரு பக்கம். எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வந்தது. அடுத்த மே மாதம் இன்னொருவர் அதே கவுன்ட்டரில் நிற்பார் என்பதால்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் திருப்பூரில் இருந்தோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி செவிலியர். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஏப்ரல் கடைசியில் மதிப்பெண் அட்டை வாங்கப் போனால், மூன்றாம் வகுப்புக்கான பணத்தைக் கட்டினால்தான் அட்டை என்றார்கள். முன்பணம் 6,000, புத்தகம் நோட்டுக்கு 4,800, சீருடைக்கும் ஷூவுக்கும் 3,200. ஆக 14,000 ரூபாய். முன்பணத்துக்கு மட்டும் முறையான ரசீது கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் பள்ளியின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி, கீழே ஒரு கிறுக்கல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களும் அதே சீட்டைத்தான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

மே நடுவில் மனைவிக்கு சவுதி அரேபிய மருத்துவமனை வேலைக்கான விசா வந்தது. இனி வராது என்று நாங்கள் மறந்தே போயிருந்த விஷயம். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். கம்பெனியில் சரக்கு அனுப்பும் நாட்களில் நான் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். ஏழு வயதுக் குழந்தையை யாரிடம் விடுவது? ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போய்விடுவது என்று முடிவெடுத்தோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் எனக்குக் கணக்கு வேலையும் கிடைத்தது. மகளுக்கு அப்பத்தா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. எல்லாம் கூடி வந்தது போலத்தான் இருந்தது.

பழைய பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார். ‘விலகுவதாக இருந்தால் மார்ச் மாதமே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது முதல் பருவக் கட்டணம் 11,500 கட்டிவிட்டால் சான்றிதழ் தருவோம்’ என்றார். குழந்தை ஒரு நாள்கூட உட்காரப் போகாத வகுப்புக்குக் கட்டணமா என்று கேட்டதற்கு, ‘தாளாளரிடம் பேசுங்கள்’ என்றார். தாளாளர் ஊரில் இல்லை. அடுத்த முறை போனபோது கூட்டத்தில் இருந்தார். அதற்கடுத்த முறை, மதியம் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மதியம் கிளம்பிவிட்டார். பக்கத்தில் புதிய சேர்க்கைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். விலக வந்தவனுக்கு நாற்காலி காட்ட ஆள் இல்லை. அவமானமாகத்தான் இருந்தது. மனைவி ஒரு பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், இதைச் சொல்லி அவளையும் கலங்க வைக்க மனமில்லை. ‘வாங்கிவிடலாம், ஒன்றும் பிரச்சினையில்லை’ என்றே சொல்லி வைத்தேன். மே கடைசியில் அவள் விமானம் ஏறினாள். சான்றிதழ் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சான்றிதழை வாயால் கேட்காதீர்கள். கவுன்ட்டரில் கேட்பது காற்றோடு போய்விடும். தலைமை ஆசிரியர் பெயருக்கு அரைப் பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். குழந்தையின் பெயர், வகுப்பு, எதற்காக மாறுகிறீர்கள், எந்த ஊருக்குப் போகிறீர்கள், தேதி, கையெழுத்து, இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை கேளுங்கள். போடமாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம். நேரே அஞ்சலகத்துக்குப் போய் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நான் அன்று அனுப்பியது ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில், அது 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனக்கு இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் கம்பெனியின் வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வக்கீலின் குமாஸ்தா. அந்த அட்டை பள்ளியின் முத்திரையோடு திரும்பி வந்த நாளில் இருந்துதான், நான் ஒரு நாள் சான்றிதழ் கேட்டேன் என்பதற்கே சாட்சி கிடைத்தது.

அவர்தான் சட்டத்தையும் எடுத்துக் காட்டினார். குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலவசக் கல்வி, தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் என்ற அளவில் நானும் கேள்விப்பட்டிருந்தேன். அதன் 5ஆம் பிரிவைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தை பள்ளி மாற வேண்டியிருந்தால் மாற்றம் கேட்க அதற்கு உரிமை உண்டு. கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். எனக்கு மூச்சு வந்தது அடுத்த வரியில்தான்: சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிரிவு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுபவர்களுக்குத்தான் துணைக்கு வரும். உதவி பெறாத ஒரு தனியார் பள்ளிக்கு மாறுவதாக இருந்தால் இதைக் காட்டி இடம் கேட்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் சான்றிதழ் கைக்கு வரும்வரை புதிய பள்ளியில் பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி பள்ளி திறப்பதாக இருந்து, வெயிலைக் காரணம் காட்டி 10ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அவகாசத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வழக்கமாகத் திங்கள்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் கூட்டம் இல்லை. வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியில் போட்ட மனுவுக்கு வரிசை எண்ணும் கிடையாது, ரசீதும் கிடையாது. போட்டுவிட்டு வெளியே வந்தபோது கிணற்றில் கல்லைப் போட்டது போலத்தான் இருந்தது. தேர்தல் ஆண்டில் ஊர் மாறுபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதில் பேசியபோதுதான், தனியார் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளவென்றே மாவட்டத்தில் தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார் என்பது தெரிந்தது. அதுவரை நான் முதன்மைக் கல்வி அலுவலகம், தொடக்கக் கல்வி அலுவலகம் என்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேசையிலும் ‘இது எங்களுக்கு வராது’ என்ற பதில்தான். உங்கள் மனு ‘மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்)’ என்ற முகவரிக்குப் போகட்டும். பழைய பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்து அலுவலருக்கு. நீங்கள் போய்ச் சேரும் மாவட்டத்துக்கு அல்ல. பதிவுத் தபால் ஒப்புகை அட்டையின் நகல், முன்பண ரசீதின் நகல், மதிப்பெண் அட்டையின் நகல் மூன்றையும் இணைத்தேன். துண்டுச் சீட்டுகளையும் சேர்த்தேன். மனுவில் கோபம் எதையும் எழுதவில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன வேண்டும் என்று ஒரே பக்கம்.

ஜூன் 10 காலையில் சான்றிதழ் இல்லாமலே மகளைக் கூட்டிக்கொண்டு கிராமத்துப் பள்ளிக்குப் போனேன். சட்டப்பிரிவை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்திருந்தேன், இங்கேயும் சண்டை போட வேண்டியிருக்கும் என்று. தேவைப்படவில்லை. தலைமை ஆசிரியை பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் மதிப்பெண் அட்டையையும் பார்த்தார். ‘டி.சி. அப்புறம் வரட்டும் சார். பிள்ளை முதலில் வந்து உட்காரட்டும்’ என்றார். அவரே பாய் விரித்த வகுப்பறைக்கு மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். முதல் நாளே முதல் பருவப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டார்கள். பணம் கட்டி வாங்கிய புத்தகக் கட்டு திருப்பூர் வீட்டில் பிரிக்காமல் கிடந்தது.

அடுத்த சிக்கல் நான் எதிர்பார்க்காதது. பெயர் எமிஸ். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு. மாநிலத்தில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் எண் உண்டு, தனியார் பள்ளிக் குழந்தைகளுக்கும்தான். குழந்தை விலகினால் பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து, காமன் பூல் என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். என் மகளின் பெயர் திருப்பூரிலேயே நின்றது. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடுகிறாள், பாடம் படிக்கிறாள், கைப்பேசிச் செயலியில் வருகை போடும்போது மட்டும் அவள் பெயர் இல்லை. வகுப்பாசிரியை தனியாக ஒரு நோட்டில் அவள் பெயரை எழுதி வருகை குறித்து வந்தார். ‘பேர் ஏறாவிட்டால் சீருடைப் பட்டியலில் வராது, நோட்டுக் கணக்கில் வராது’ என்று அவரும் கவலைப்பட்டார். ஆகவே காகிதச் சான்றிதழை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். ‘எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?’ என்று அங்கேயே கேட்டு, குழந்தையின் எமிஸ் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடுவிக்க மறுத்தால், புதிய பள்ளியின் தலைமை ஆசிரியர் இணையத்திலேயே கோரிக்கை அனுப்பலாம், வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகவும் பேசலாம். எங்கள் தலைமை ஆசிரியை இரண்டையும் செய்தார்.

ஜூன் கடைசியில் பழைய பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. ‘டி.சி. ரெடி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.’ அதே குரல்தான். 11,500 பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனு வேலை செய்ததா, எமிஸ் கோரிக்கை வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ராஜபாளையத்தில் இரவு பஸ் ஏறி, மதுரையில் மாறி, காலையில் கவுன்ட்டர் திறக்கும்போது நின்றேன். கையில் வாங்கியதும் ஓடிவிடாமல் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நல்லவேளை. பிறந்த தேதி எண்ணில் சரியாகவும் எழுத்தில் தவறாகவும் இருந்தது. ‘மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உள்ளவரா’ என்ற இடம் காலியாக இருந்தது. இரண்டையும் திருத்தி முத்திரை போட வைத்தேன். பெயரின் எழுத்துகள், முன்னெழுத்து, பெற்றோர் பெயர், அங்க அடையாளம் எல்லாம் ஆதாரோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒத்துப்போகிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். ஊர் மாறிய பிறகு ஒரு எழுத்தைத் திருத்த நானூறு ரூபாய் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போகும்.

காகிதக் கதை இவ்வளவுதான். குழந்தையின் கதை வேறு. தனியார் பள்ளியில் ஆங்கிலப் பாட்டுகளை மடமடவென்று ஒப்பித்தவள், இங்கே முதல் வாரம் தமிழில் மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டிப் படிக்கத் திணறினாள். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வயதை வைத்துப் பார்ப்பதில்லை. யார் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் என் மகள் அரும்பு. அவளைவிடச் சின்னவன் ஒருவன் மலரில் இருந்தான். வீட்டுக்கு வந்து அழுதாள். சுருக்கென்று இருந்தது எனக்கும். வருடத்துக்கு நாற்பதாயிரம் கட்டி என்னதான் வாங்கினோம் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். வகுப்பாசிரியை சொன்னது நினைவில் இருக்கிறது: ‘அவளுக்குத் தெரியாது என்பது இப்போது தெரிந்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம் சார்.’ அரையாண்டுக்குள் மொட்டைத் தாண்டிவிட்டாள். மாற்றப்போகும் பெற்றோர் மே மாதமே தினமும் அரை மணி நேரம் தமிழ் எழுத்துகளை வாசிக்க வைத்தால் இந்த அழுகையைத் தவிர்க்கலாம்.

இன்னொன்று, இரட்டைச் சடை. மனைவி இருந்தவரை அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கல், விரலில் மூட்டுவலி. ஆகவே காலை ஏழரை மணிக்குச் சீப்பு என் கைக்கு வந்தது. நடு வகிடு நேராக வராது. வலது சடை மேலேயும் இடது சடை கீழேயும் நிற்கும். ரிப்பனை மடித்து முடி போட்டால், பள்ளி வாசல் போவதற்குள் ஒரு பக்கம் அவிழ்ந்து தோளில் தொங்கும். சவுதியிலிருந்து வீடியோ அழைப்பில் மனைவி, ‘ரிப்பனை அடியில் கட்டாதீர்கள், கடைசி மூன்று பின்னலோடு சேர்த்துப் பின்னுங்கள்’ என்று சொன்ன பிறகுதான் அது நின்றது. தாய் வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார்களுக்கு இதை இலவசமாகத் தருகிறேன்.

காலைச் சாப்பாட்டுக் கவலை மட்டும் தீர்ந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. மகள் புதன்கிழமைப் பொங்கலுக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறாள். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், மணி அடித்த பிறகு போனால் கிடைக்காது. மதியச் சத்துணவில் பெயர் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை’ என்று கௌரவம் பார்த்துச் சில பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள். விலையில்லாச் சீருடை நான்கு செட் கிடைப்பது சத்துணவுப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். இது தெரியாமல் பின்னால் வந்து ஆசிரியரிடம் சண்டை பிடிக்கிறார்கள். சீருடை வந்து சேரவும் நாளாகும். அதுவரைக்கும் கடையில் ஒரு செட் எடுத்துக்கொள்வது உத்தமம். இப்போதே அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைக்கும் என்று ஊரில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பில் அதை நினைத்து மாற்ற வேண்டியதில்லை.

பணத்தில் என்ன திரும்பியது என்று கேட்பீர்கள். புத்தகக் கட்டைப் பனியன் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் தன் மகனுக்காக 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஷூ கறுப்பு என்பதால் இங்கேயும் பயன்பட்டது. பள்ளி முத்திரை தைத்த சட்டைகள் அப்படியே இருக்கின்றன. முன்பணம் 6,000 வரவில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். எங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ரசீது இருப்பது 6,000க்கு மட்டும்தான். மீதி 8,000க்கு என்னிடம் இருப்பது அந்தக் கிறுக்கல் சீட்டுகள். ஏப்ரலில் பணம் கட்டப்போகிறவர்கள், பள்ளியின் பெயரும் முத்திரையும் தொகை எதற்கு என்ற விவரமும் இல்லாத காகிதத்துக்குப் பணம் தராதீர்கள். தரமுடியாது என்றால், பணத்தைப் பள்ளியின் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ரசீதுப் புத்தகம் வெளியே வந்துவிடும்.

எங்கள் கிராமத்துப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மறுபடியும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தலைமை ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். ‘அதை நாங்களே எழுதி, எமிஸிலும் விடுவித்து, பெரிய பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். நீங்கள் லீவு போட வேண்டாம்’ என்றார். இருந்தாலும் விண்ணப்பத்தை எழுதித்தான் கொடுப்பேன்.